சார்ஜனுக்குப் பிடித்தவர்கள்

சந்தேகத்தின் பேரில் யாரைக் கூட்டிவந்தாலும், முதலில் அவரை உட்காரவைத்துவிட்டு, அந்த நாற்காலியைவிடத் தாழ்வான ஒன்றைத் தேடி எடுத்துத்தான் எங்கள் சார்ஜன் உட்காருவார். ஸ்டேஷனில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கும் ஒரு கால் குட்டை. ஆடும். ஆடிக்கொண்டே எதிரில் இருப்பவரின் முகத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்பார். கேட்பதும் பெரும்பாலும் ஒரே சொல்தான்.

"அப்புறம்?"

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கோலசிலாங்கூரைத் தாண்டி வடக்கே, ஒரு பக்கம் நெல்வயலும் மறுபக்கம் செம்பனையுமாகப் போகும் சாலையில் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். பெண்களை விசாரிக்கும்போது பெண் போலீஸ் ஒருத்தி கூட இருக்க வேண்டும். அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எஸ்டேட் ஆட்கள் தமிழில் சொல்வதை மலாயில் டைப் செய்வது என் தலையில் விழுந்தது. நாளடைவில் ஆண்களின் வாக்குமூலங்களும் என்னிடமே வந்தன. அவருடைய "அப்புறம்?" எத்தனை மணி நேரம் நீளும் என்று முதுகுவலியோடு கற்றுக்கொண்டவள் நான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலும் கேள்வி கேட்டுக் கேட்டே காரியத்தைக் கெடுத்துக்கொண்டார் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவரிடம் இருந்த உண்மையான தொல்லை வேறு. எதிரே வந்து உட்காரும் ஆளை அவருக்குப் பிடித்துப்போகும். அரை மணி நேரம் போதும். அந்த ஆளின் மூட்டுவலி, மகன் படிப்பு, மச்சானோடு சண்டை எல்லாம் அவருடைய கவலையாகிவிடும். மற்றவர்கள் மேசையைத் தட்டியும் வாங்க முடியாத உண்மையை அவர் அப்படித்தான் வாங்கினார். அதை நான் மறுக்கவில்லை.

ஒருமுறை, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிளில் போனவரை இடித்துவிட்டு நிற்காமல் போனதாகச் சந்தேகம். இரண்டு நாளாக "நான் இல்ல, நான் இல்ல" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சே இல்லை. சார்ஜன் அவரோடு மூன்று மணி நேரம் லோரியின் பிரேக்கைப் பற்றிப் பேசினார். எத்தனை வருட லோரி, எந்த மேட்டில் இழுக்கும், மழையில் எப்படி நிற்கும் என்று பக்கம் பக்கமாக பிரேக். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார்ஜன், இது ஸ்டேஷனா, ஒர்க்‌ஷாப்பா?"

"இரு லா."

கடைசியில் அந்த ஓட்டுநர் தன் கால்களையே பார்த்துக்கொண்டு, "மிதிச்சேன் சார்ஜன். நிக்கல. எறங்கிப் பாக்க தைரியம் வரல" என்று சொல்லி அழுதுவிட்டார்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்த மனிதர் வீட்டுக்கு சார்ஜனே போய் மனைவியிடம் சொன்னார். அடுத்த வாரமும் போனார். இந்தப் போக்குவரத்தில், மேலே அனுப்ப வேண்டிய அறிக்கை இரண்டு வாரம் தாமதமாயிற்று. திட்டு வாங்கியதும், விடுமுறை நாளில் வந்து டைப் செய்ததும் நான்.

"நல்ல மனுஷன்மா அவரு" என்றார் என்னிடம்.

"இடிச்சவர் சார்ஜன் அவரு."

"ஆமா. இடிச்ச நல்ல மனுஷன்."

இப்படிப்பட்டவரோடு எதைப் பேசி என்ன செய்வது?

அவருக்கு ஒரு சினிமா இருந்தது. ஒன்றே ஒன்று. பழைய பிரெஞ்சுப் படம், கறுப்பு வெள்ளை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஏதோ குவியலிலிருந்து எடுத்த டிவிடி தட்டு. கீழே மலாயில் எழுத்து ஓடும், அதுவும் பாதி தப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஸ்டேஷன் ஓய்வறையில் அதைப் போட்டுவிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னையும் பிடித்து உட்காரவைத்தார். எப்போதும் மழை பெய்யும் ஊர். ஒருத்தியின் கணவன் ஆற்றில் பிணமாகக் கிடக்கிறான். அவள்தான் தள்ளிவிட்டாளா என்று கண்டுபிடிக்க வந்த துப்பறியும் அதிகாரி, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாள்தோறும் அவள் வீட்டில் போய் உட்காருகிறான். அவள் சிகரெட் பிடிக்கிறாள், ஜன்னலைத் திறக்கிறாள், மூடுகிறாள். இவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை.

"இவன் இவள பிடிக்கவே மாட்டான் போல இருக்கே சார்ஜன்" என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவனுக்குத்தான் அவள பிடிச்சுப்போச்சேம்மா. மொதல் தடவ பாத்தப்பவே. அதனாலதான் பிடிக்க முடியல."

நான் எழுந்து வந்துவிட்டேன். முடிவு என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சரசுவின் கேஸ் வந்தது அதற்கு அடுத்த வருடம்.

ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த ஓர் எஸ்டேட்டில், மத்தியானம் இரண்டு மணி வாக்கில் உர ஸ்டோர் தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்த, ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி வெளியே வர முடியாமல் இறந்துபோனார். அன்று காலை, ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் அவரோடு பெரிய சண்டை போட்டவள் சரசு. உரம் போடும் கூட்டத்தில் வேலை பார்ப்பவள், நாற்பது வயது இருக்கும். கிழிந்த கையுறையைக் கொடுத்ததற்காக அத்தனை பேர் முன்னிலையில், "இந்த ஸ்டோரோட நீயும் எரிஞ்சு போ" என்று கத்தியிருக்கிறாள். பதினொரு மணிக்கு வேலை முடிந்து அவள் ஸ்டோர் பக்கமாக நடந்து போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எங்கே போனாய் என்றால், தலைவலி, வீட்டில் படுத்திருந்தேன் என்றாள். அவள் வீட்டில் மாலைவரை பூட்டுத் தொங்கியது என்று அந்த லயத்து வரிசை வீடுகளில் மூன்று பேர் சொன்னார்கள்.

மறுநாள் விசாரணை. சரசுவை உயரமான நாற்காலியில் உட்காரவைத்தார் சார்ஜன். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. "நான் சொன்னத எழுதிக்கிட்டீங்கள்ல? அப்ப என்னைய விடுங்க" என்றாள். கறுத்து, எலும்பெடுத்த முகம். பேசும்போது இடது புருவம் மட்டும் ஏறும். சார்ஜன் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். வெகுநேரம் அவள் சிலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கூசியது. அவள் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

அன்று அவளை ஜாமீனில் விட்டார்கள். அதன்பின் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார். அவள் அதே தலைவலிக் கதையைச் சொன்னாள். அவரும் அதே "அப்புறம்?"-ஐக் கேட்டார். இடையில் என்னிடம், "பொய் சொல்றாம்மா. ஆனா தீ வெக்கல" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"தெரியுது."

இதை நான் எப்படி டைப் செய்வது?

செத்துப்போன கிராணியின் மனைவி தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்ப்பார். என்னைக் கண்டால் மட்டும் எழுந்து, "என்னாச்சு பாப்பா? பிடிச்சிட்டாங்களா?" என்பார். விசாரிக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துப்போயிற்று.

அந்த வாரத்தில்தான் லயத்திலிருந்து செய்தி வர ஆரம்பித்தது. எஸ்டேட்டில் பழைய ஆட்கள் போலீஸை இன்னும் மாத்தா என்றுதான் சொல்வார்கள். "மாத்தாக்காரரு சரசு வீட்டுக்கு டெய்லி வர்றாரு. ரொட்டி வாங்கியாறாரு" என்று ஒரு பெண் என்னிடமே வந்து சொன்னாள். என்னை விட்டுவிட்டு, பெண் போலீஸ் இல்லாமல், சந்தேகத்தில் இருக்கும் ஒருத்தியின் வீட்டுக்கு! நான் நம்பவில்லை. வேறு வேலையாக அந்த எஸ்டேட்டுக்குப் போன ஒரு பிற்பகலில் நேரில் பார்த்தேன். அவள் வாசலில் பலகைமேல் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். அவர் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

பெஞ்சில் காத்திருக்கும் அந்த அம்மாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதை மட்டும் சொல்லி என்னை நல்லவளாக்கிக்கொள்ள விருப்பமில்லை. எனக்கு ஆத்திரமும் வந்தது. வருடக்கணக்கில் அவருக்காக முதுகு ஒடிய டைப் செய்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்ற ஆத்திரம். நேராக ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டார். நானும் அறையில் நின்றேன். இன்ஸ்பெக்டர் கேட்டதை சார்ஜன் மறுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கடலோரத்து ஜெராமில் கெராங் சிப்பியை அவித்துச் சதை எடுக்கும் கொட்டகை நடத்தும் ஒரு சீன அம்மாவின் வாக்குமூலம். தீப்பிடித்த நாள், ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை சரசு அந்தக் கொட்டகையில் இருந்தாள் என்று கையெழுத்துப் போட்டிருந்தது.

அப்போதுதான் விஷயம் முழுவதும் வெளியே வந்தது. சரசுவின் ஒரே மகள், தகப்பனுக்குப் பிடிக்காத ஒருவனோடு போய்விட்டாள். அவள் பெயரை எடுத்தால் உன்னையும் வெளியே தள்ளிவிடுவேன் என்று சொல்லியிருந்தான் சரசுவின் புருஷன். மகள் அந்தக் கொட்டகையில் வேலை செய்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறிப்போய், மகளோடு உட்கார்ந்து சிப்பி உரித்துவிட்டு வருவாள் சரசு. முதல்நாள் அவள் சிலிப்பரின் ஓரத்தில் சாம்பல் நிறச் சேறும் சிப்பியோட்டுத் துணுக்கும் ஒட்டியிருந்ததை சார்ஜன் பார்த்திருக்கிறார். எஸ்டேட் மண் சிவப்பு. அவ்வளவுதான். தன் விடுமுறை நாளில் தனியாக ஜெராமுக்குப் போய், கொட்டகை கொட்டகையாக விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார். நான் கூசிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பார்த்தது இதை.

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் படித்தார். தேதியைப் பார்த்தார். "இது கையில் கிடைத்து எத்தனை நாள்?" என்று மலாயில் கேட்டார்.

"ஆறு நாள், டுவான்."

"ஆறு நாளாக இதைப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா?"

சார்ஜன் காலியான சட்டைப்பையின் பொத்தானைப் போட்டார். அந்த நிமிடத்தில் அந்தக் காகிதம் செத்துப்போயிற்று. பிடித்த பெண்ணுக்காக ஜோடித்துக் கொண்டுவந்தது என்று ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அப்படித்தான் நினைத்தேன்.

அன்றே இரண்டு பேரை ஜெராமுக்கு அனுப்பினார்கள். போலீஸ் வண்டியைக் கண்டதும் கொட்டகையில் வேலை செய்த பர்மிட் இல்லாத ஆட்கள் பின்பக்கமாக ஓடினார்கள். சீன அம்மா மிரண்டுபோனாள். சரசுவா, எந்த சரசு, எனக்கு யாரையும் தெரியாது, நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லிவிட்டாள். மகள் சொன்னதை, மகள்தானே என்று ஒதுக்கினார்கள். சாயங்காலம் சரசுவைக் கைது செய்யப் போன வண்டியில் நானும் இருந்தேன். அதற்குள் புருஷனையும் விசாரித்திருந்ததால் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தான்.

வண்டியில் ஏறும்போது சரசு கேட்டது ஒன்றுதான். "அவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேனே. அவரு எழுதலியா?"

பதினான்கு மாதம் உள்ளே இருந்தாள். ஜாமீன் கிடைக்கவில்லை. கடைசியில் தீயைப் பற்றிய ஆய்வு அறிக்கை வந்தது. ஸ்டோர் கூரைக்குள் மின்கம்பி உருகித் தீப்பிடித்திருக்கலாம் என்றது. இருக்கலாம். அதை வைத்து அவளை விடுவித்தார்கள். அவள் குற்றமற்றவள் என்று எந்தக் காகிதத்திலும் யாரும் எழுதவில்லை. கிராணியின் மனைவி இன்றும் சரசுதான் வைத்தாள் என்று நம்புகிறார். போய்ச் சொல்லிப் பார்த்தேன். "நீயும் அவங்க ஆளுதானே பாப்பா" என்றார்.

சார்ஜனை கோலகுபு பாருவுக்கு மாற்றினார்கள். விசாரணைப் பக்கமே விடாமல், சாட்சிப் பொருள்களைப் பூட்டிவைக்கும் அறைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். எதிரே உட்கார்ந்து பேச ஓர் ஆள் இல்லாத வேலை. நானும் இரண்டு வருடத்தில் கல்யாணமாகி வேலையை விட்டேன்.

போன வருடம் ஒரு நில விஷயமாக கோலகுபு பாருவுக்குப் போனபோது, அரசாங்க அலுவலகங்களுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்று அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். என் மாமியார், என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், என் முதுகுவலி எல்லாம் அரை மணி நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"சார்ஜன், அன்னிக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்மா. நீ செஞ்சது சரிதான்."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அந்த பேப்பர ஏன் ஆறு நாள் வெச்சிருந்தீங்க?" என்றேன்.

"புருஷனுக்குத் தெரிஞ்சா தொரத்திருவான்னு பயந்தா. நானே அவன்கிட்ட பக்குவமா பேசறேன்னு சொல்லியிருந்தேன்."

"பேசுனீங்களா?"

"இல்ல."

"ஆறு நாள்ல ஒரு நாள்கூடவா?"

அவர் தே ஓ கிளாஸை மேசைமேல் திருப்பிக்கொண்டே இருந்தார். அவரைப் பார்த்துக் கேள்வி கேட்பது எனக்குப் புதிது. விடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அவன்கிட்ட பேசிட்டா பேப்பர குடுத்துறணும்" என்றார் கடைசியில். "குடுத்துட்டா கேஸ் முடிஞ்சுது. அப்பறம் அவ வாசல்ல போயி என்னான்னும்மா உக்கார்றது?"

இதற்காகவா என்று கத்தலாம் போல இருந்தது. பக்கத்து மேசையில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இப்ப ஜெராம்ல மகளோடதான் இருக்கா. போய்ப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லம்மா. நல்லாருக்காளா?"

"போய்ப் பாருங்க லா! தப்பு எம்மேலன்னு சொல்லுங்க!"

"பாக்கலாம்மா" என்றார்.

அவர் போகமாட்டார் என்று தெரிந்ததால் நான் போனேன். கொட்டகையில் ஆவி பறக்கும் சிப்பிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் சரசு. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் இன்ஸ்பெக்டரிடம் போனது, அந்தக் காகிதம், அந்த ஆறு நாள், அவர் என்னிடம் சொன்ன காரணம். அவள் கை நிற்கவே இல்லை. ஓட்டை உடைத்து, சதையைத் தட்டில் போட்டு, அடுத்ததை எடுத்தாள்.

"ஒனக்கு அப்ப என்ன வயசு?" என்றாள்.

"இருபத்தாறுக்கா."

"அவருக்கு?"

"அம்பத்திரெண்டு."

இன்னும் நாலைந்து சிப்பியை உடைத்தாள்.

"அப்ப ஒன்ன விட்டுர்றேன்" என்றாள். "அவர வரச் சொல்லு. எனக்கும் கேக்க வேண்டியது இருக்கு."

அன்று மாலையே அவருக்குப் போன் செய்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அடுத்த வாரம் போகிறேன் என்றார். அடுத்த வாரம் காலில் வலி. அதற்கடுத்த மாதம் மழை. நேற்றும் கூப்பிட்டேன்.

"என்ன கேப்பான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்மா" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.